எட்கர் – மேனார்டு இரண்டாம் மோதல்: முதல் சுற்றுக்கு எத்தனை புள்ளி?

கூண்டோரம்

ஃப்ராங்கி எட்கரும் கிரே மேனார்டும் இரண்டாம் முறையாக மோதிய யுஎஃப்சி 125 (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் நிகழ்வு) பற்றிய பேச்சு இந்த மன்றத்தில் பல இழைகளில் சிதறிக் கிடக்கிறது. பெரும்பாலும் அது முதல் சுற்றில் தொடங்கி முதல் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. அத்தனை அடி வாங்கியும் எட்கர் எப்படி எழுந்து நின்றார் என்று வியந்துவிட்டு, எஞ்சிய இருபது நிமிடங்களை ஒரு வரியில் கடந்து போகிறோம். போட்டியைச் சமனில் நிறுத்தியது அந்த இருபது நிமிடங்கள்தாம் என்பதால், அவற்றையும் சேர்த்துப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவரும் முதலில் மோதியது 2008 ஏப்ரலில், கொலராடோ மாநிலத்தின் ப்ரூம்ஃபீல்டு நகரில். மூன்று சுற்றுப் போட்டியான அதில் மேனார்டு தம் மல்யுத்தத்தால் எட்கரை மீண்டும் மீண்டும் தரையில் சாய்த்து, மூன்று நடுவர்களின் புள்ளித்தாளிலும் 30-27 என்று வென்றார். அதன்பின் எட்கர் தோற்கவே இல்லை. 2010 ஏப்ரலில் அபுதாபியில் பி.ஜே. பென்னிடமிருந்து லைட்வெயிட் (155 பவுண்டு எடைப்பிரிவு) பட்டத்தைப் பறித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டனில் பென்னை மறுபடியும், இம்முறை யாரும் மறுபேச்சுப் பேச முடியாதபடி, வென்றார். அதே பாஸ்டன் இரவில் கென்னி ஃப்ளோரியனைத் தோற்கடித்துத்தான் மேனார்டு பட்டத்துக்கான வாய்ப்பைப் பெற்றார். ஆக, 2011 ஜனவரி 1 அன்று லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் கார்டன் அரங்கில், சாம்பியன் தம்மைத் தோற்கடித்த ஒரே மனிதரைச் சந்தித்தார். அந்த மனிதரோ அதுவரை தோல்வியே காணாதவர்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஐந்து சுற்றுகள் கொண்ட போட்டி இது; ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்கு வழக்கமாக 9, மிகவும் ஒருதலையான சுற்றென்றால் 8, அபூர்வமாக 7. ஒரு நடுவர் 48-46 என்று மேனார்டுக்கும், இன்னொருவர் அதே 48-46 என்று எட்கருக்கும் கொடுத்தார். மூன்றாமவர் 47-47 என்று எழுதினார். மூவரும் முதல் சுற்றை 10-8 என்று மேனார்டுக்கே அளித்திருந்தார்கள். இதிலிருந்து மற்றவை தாமாகவே விளங்கிவிடுகின்றன: எட்கருக்குக் கொடுத்தவர் எஞ்சிய நான்கு சுற்றுகளையும் அவருக்கே அளித்திருக்கிறார், சமன் என்றவர் அந்த நான்கில் ஒன்றை மேனார்டுக்கும், மேனார்டுக்குக் கொடுத்தவர் இரண்டை அவருக்கும் அளித்திருக்கிறார்கள்.

முதல் சுற்றை மூவரும் வழக்கமான 10-9 என்று எழுதியிருந்தால் தாள்கள் 49-46 எட்கர், 48-47 எட்கர், 48-47 மேனார்டு என்று மாறியிருக்கும், எட்கர் வென்றிருப்பார். மூவரும் 10-7 என்று எழுதியிருந்தால் 47-46 எட்கர், 47-46 மேனார்டு, 48-45 மேனார்டு என்று வந்து, பட்டம் மேனார்டின் இடுப்புக்குப் போயிருக்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஒற்றைப் புள்ளியில் போட்டி சமனாகி நின்றது. எனவே என் கேள்வி: அந்தச் சுற்று உண்மையிலேயே 10-8 தானா?

மல்லர்மேடு

இல்லை. அது 10-7. தயக்கமே தேவையில்லை.

முதல் நிமிடத்தில் இருவரும் தூரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் மேனார்டின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) ஒன்று எட்கரின் முகத்தில் இறங்கியது; அவர் கால்கள் அந்தக் கணத்திலேயே அவர் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிட்டன. விழுந்தார், எழுந்தார், தலையாடத் தொடங்கிய பம்பரத்தைப் போலக் கூண்டின் ஓரமெங்கும் தள்ளாடினார், அப்பர்கட் (கீழிருந்து மேலெழும் குத்து) வாங்கினார், மறுபடியும் விழுந்தார். ஒரு கட்டத்தில் பின்னோக்கி உருண்டு தப்பியதை எல்லோரும் சாமர்த்தியம் என்று புகழ்கிறார்கள். எனக்கு அது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒருவர் உடம்பின் பழக்கத்தால் செய்த செயலாகவே தோன்றுகிறது. கூண்டுக்குள் நின்று போட்டியை நடத்திய நடுவர் ஈவ் லவீன் அந்தச் சுற்றில் போட்டியை நிறுத்தியிருந்தால் மறுநாள் எத்தனை பேர் அவரைக் குறை சொல்லியிருப்பார்கள்? சிலர் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். நிறுத்தினாலும் நியாயம் என்று சொல்லத்தக்க ஒரு சுற்றுக்கும், ஒருவர் ஒரு முறை விழுந்து எழுந்த சுற்றுக்கும் ஒரே எண்ணை எழுதுவது எப்படிச் சரியாகும்?

மேனார்டின் ரசிகன் என்று என்னை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆயினும் இதை ரசிகனாகச் சொல்லவில்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மல்யுத்த வீரராக வந்து, முதல் மோதலில் பிடித்துச் சாய்த்தே வென்ற ஒருவர், இரண்டாம் மோதலில் கைக்குத்தால் சாம்பியனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தார் என்பதற்குப் புள்ளிமுறை உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

தராசு

மல்லர்மேடு அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடுவர்கள் அன்றைய விதிகளுக்கும் அன்றைய பழக்கத்துக்கும் உட்பட்டே எழுதினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2011-இல் 10-8 என்பதே அபூர்வமான எண்ணாக இருந்தது. ஒருவர் விழுந்து, அடி வாங்கி, சுற்று முழுவதும் பின்வாங்கிய பின்னும் 10-9 என்று எழுதப்பட்ட சுற்றுகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட காலத்தில் மூன்று நடுவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே 10-8 என்று எழுதியதே அந்தச் சுற்றுக்குக் கிடைத்த பெரிய மதிப்பு.

நிலைமை மாறியது 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட வரையறைகளால்தான். ஏற்பட்ட சேதம், மேலாதிக்கம், அது நீடித்த நேரம் ஆகிய மூன்றையும் பார்த்து 10-8 கொடுக்க நடுவர்கள் தயங்கக் கூடாது என்று அதன்பின்னரே வலியுறுத்தப்பட்டது. 10-7 என்பதற்கான வரையறை இப்போதும் கடுமையானதுதான்: ஒருவர் மற்றவரை முற்றிலும் மூழ்கடித்து, போட்டியை நிறுத்தவே நியாயம் உண்டு என்ற நிலையை உருவாக்கியிருக்க வேண்டும். இந்த வரையறையை அந்தச் சுற்றின் மேல் வைத்துப் பார்த்தால் மல்லர்மேடு சொல்வதற்கு இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. சுற்று முடியும் நேரத்தில் எட்கர் வெறுமனே தப்பி ஓடிக்கொண்டிருக்கவில்லை. திருப்பிக் குத்தினார், பிடிக்க முயன்றார், தம் காலில் நின்றபடியே மணியோசையைக் கேட்டார். முற்றிலும் மூழ்கடிக்கப்பட்டவரிடம் நாம் அதை எதிர்பார்க்க மாட்டோம். ஆகையால் இன்றைய விதியிலும் நான் 10-8 என்றுதான் எழுதுவேன்.

ஐந்தாம்சுற்று

இங்கே முதல் சுற்றைத் தாண்டிப் பேசலாம் என்றுதானே கூண்டோரம் இழையைத் தொடங்கினார்? மூன்று பதிவுகள் ஆகியும் நாம் அதே இடத்தில் நிற்கிறோம்.

இரண்டாம் சுற்றைப் பாருங்கள். ஒரு நிமிட இடைவேளைக்குப் பின் வெளியே வந்த எட்கரிடம் ஒளிந்து மறைந்து காலத்தைக் கடத்தும் எண்ணம் துளியும் இல்லை. தம் பழைய தாளத்துக்கே திரும்பினார்: உள்ளே நுழைந்து இரண்டு குத்து, கோணம் மாறி வெளியேற்றம், பொய்யசைவு, மறுபடியும் நுழைவு. அந்தச் சுற்றில் அவர் மேனார்டைத் தூக்கித் தரையில் அறைந்தபோது எனக்கு ஏற்பட்ட திகைப்பு முதல் சுற்றில்கூட ஏற்படவில்லை. ப்ரூம்ஃபீல்டில் தம்மைச் சாய்த்துக்கொண்டே இருந்தவரை, அதுவும் உடலால் தம்மைவிடப் பெரியவரை, சில நிமிடங்களுக்கு முன்பு கால் தரிக்காமல் தள்ளாடிய ஒருவர் தூக்கிப் போட்டார்.

எட்கரின் உடலளவை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 155 பவுண்டு பிரிவில் அநேகமாக எல்லோரும் அதைவிடக் கனமான உடலை நீரிழக்கச் செய்து எடைமேடையில் ஏறுகிறவர்கள். எட்கர் ஏறத்தாழ தம் இயல்பான எடையிலேயே ஏறியவர். பிற்காலத்தில் 145-இலும் 135-இலும் சண்டையிட்டார் என்பதிலிருந்தே இது தெளிவாகும். உடலை வற்றவைக்காத காரணத்தால்தான் அவர் அடியிலிருந்து விரைவில் தெளிந்தார் என்று சிலர் வாதிடுவார்கள். அதில் உண்மை இருக்கலாம். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமானது ஐந்து சுற்றுக்கும் குறையாத அவருடைய மூச்சு. மேனார்டிடம் அது இல்லை. முடித்துவிடும் ஆவேசத்தில் முதல் சுற்றிலேயே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, இரண்டாம் சுற்றில் கைகள் கனத்துப் போய் நின்றார். நான்காம் சுற்று எட்கருக்கு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே உண்மையான சர்ச்சை மூன்றாம் சுற்றும் ஐந்தாம் சுற்றும்தான்.

கடல்காற்று

நான் இந்தப் போட்டியை மிகத் தாமதமாகப் பார்த்தவன். கேள்வி எளியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நிமிடம் சண்டையிட்டுச் சமன் என்றால் பட்டம் ஏன் பழைய சாம்பியனிடமே இருக்கிறது? தீர்ப்புக்காக ஆறாவது சுற்று ஒன்றை வைக்க முடியாதா?

பழையபார்வை

கடல்காற்று, எளிய கேள்வி இல்லை அது. குத்துச்சண்டையிலிருந்து வந்த மரபுப்படி, பட்டத்தைப் பறிக்க வருகிறவர் வென்றாக வேண்டும். வெல்லாவிட்டால் பட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். வெற்றிடமாக இருக்கும் பட்டத்துக்கு இருவர் மோதிச் சமனானால் என்ன ஆகும் என்பதற்கும் இதே லைட்வெயிட் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2003 பிப்ரவரியில் யுஎஃப்சி 41-இல் பி.ஜே. பென்னும் காவோல் ஊனோவும் காலியாக இருந்த பட்டத்துக்காக மோதிச் சமனில் முடித்தார்கள். பட்டம் யாருக்கும் போகவில்லை. அந்தப் பிரிவே ஓரங்கட்டப்பட்டு, 2006 அக்டோபரில் ஷான் ஷெர்க் வெல்லும் வரை லைட்வெயிட் சாம்பியன் என்று யாருமே இருக்கவில்லை. அதே பென்னைத்தான் பிற்பாடு எட்கர் வீழ்த்தினார் என்பதை நினைக்கும்போது, சமன் என்பது இந்தப் பிரிவை விடாமல் துரத்துகிறதோ என்று தோன்றும்.

கூடுதல் சுற்று வைக்கும் யோசனையும் புதிதன்று. தி அல்டிமேட் ஃபைட்டர் என்ற யுஎஃப்சி-யின் தொலைக்காட்சித் தொடரின் போட்டிகளில் இரண்டு சுற்றுகளில் முடிவு கிட்டாவிட்டால் மூன்றாவது சுற்று நடக்கும். 2012 மார்ச்சில் சிட்னியில் டிமீட்ரியஸ் ஜான்சனும் இயன் மெக்காலும் மோதிய ஃப்ளைவெயிட் அரையிறுதியிலும், சமனானால் உடனே கூடுதல் சுற்று என்ற ஏற்பாடு இருந்தது. போட்டி சமனிலேயே முடிந்தது. ஆனால் புள்ளிகளைக் கூட்டியதில் பிழை நேர்ந்து, ஜான்சன் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். தவறு தெரியவந்தபோது வீரர்கள் கூண்டைவிட்டுப் போயிருந்தார்கள். கூடுதல் சுற்றை நடத்த வழியில்லை. இருவரும் ஜூனில் மறுபடி மோத வேண்டியதாயிற்று. இப்படி ஒரு விதி காகிதத்தில் அழகாக இருந்தாலும், இருபத்தைந்து நிமிடம் அடித்துக்கொண்ட இருவரைக் கணக்குச் சரிபார்க்கும் வரை நிற்கவைத்து மறுபடியும் அடித்துக்கொள்ளச் சொல்வதை எந்த ஆணையமும் விரும்பாது.

சமனால் அதிகம் இழந்தவர் மேனார்டு என்று இங்கே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் ஆண்டனி பெட்டிஸ் என்பேன். 2010 டிசம்பரில் பென் ஹெண்டர்சனுக்கு எதிராகக் கூண்டின் சுவரில் கால் வைத்து எகிறி உதைத்து, டபிள்யூஈசி என்ற இன்னொரு போட்டி அமைப்பின் கடைசி லைட்வெயிட் சாம்பியனான அவருக்குத்தான் அடுத்த வாய்ப்பு என்று பேச்சு இருந்தது. எட்கர் – மேனார்டு சமனில் முடிந்ததால் மூன்றாம் மோதல் அவசியமாகி, பெட்டிஸின் வரிசை தள்ளிப்போயிற்று. காத்திருக்காமல் கிளே குய்டாவுடன் மோதித் தோற்றார். அவர் யுஎஃப்சி பட்டத்தைத் தொட்டது 2013 ஆகஸ்டில். ஒரு நடுவரின் தாளில் ஒரு புள்ளி மாறியிருந்தால் அவருடைய இரண்டரை ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

மல்லர்மேடு

பெட்டிஸைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மேனார்டு எவ்வளவு இழந்தார் என்பதைக் குறைத்துவிட வேண்டாம். அந்த இரவுக்குப் பிறகு அவர் நிலைமை மெல்லச் சரிந்தது: ஹூஸ்டனில் நடந்த மூன்றாம் மோதலில் எட்கரிடம் நாக்அவுட், 2013-இல் டி.ஜே. கிராண்ட்டிடமும் நேட் டியாஸிடமும் முதல் சுற்றுத் தோல்விகள். அன்று தோல்வியே காணாதவராக உள்ளே வந்தவர், தோற்காமலேயே வெளியே போனார், ஆனால் பட்டம் இல்லாமல். யுஎஃப்சி பட்டத்துக்கு அதைவிட அருகில் போய்த் திரும்பியவர்கள் மிகச் சிலர்.

நடுவர் லவீனைப் பற்றி ஒரு சொல். நிறுத்தியிருந்தாலும் நியாயம் என்று மேலே எழுதினேன். நிறுத்தாமல் விட்டது தவறு என்று எழுதவில்லை. பட்டப் போட்டியில், அதுவும் சாம்பியன் கீழே கிடக்கும்போது, நடுவர்கள் இன்னொரு மூச்சுக்கு இடம் கொடுப்பது வழக்கம். எட்கர் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அடுத்த கணமே நகர்ந்தார், காலைப் பிடித்தார், எழுந்தார். அசையாமல் கிடந்து நான்கைந்து அடி வாங்கும் நிலை வந்திருந்தால் லவீன் குறுக்கே பாய்ந்திருப்பார். மேனார்டு அந்த நிலையை உருவாக்கவில்லை. விழுந்தவர் மேல் ஏறி அழுத்திப் பிடித்து, ஒரு மல்யுத்த வீரருக்கே உரிய முறையில் அமைதியாக முடிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குத்தும் கடைசிக் குத்தாக இருக்க வேண்டும் என்று வீசிக்கொண்டே இருந்தார். தம்மைப் பட்டத்துக்குக் கொண்டுவந்த கலையை மிகத் தேவையான மூன்று நிமிடங்களில் அவர் மறந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

கூண்டோரம்

மல்லர்மேடு கடைசியாகச் சொன்னதை ஹூஸ்டனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் மோதல் முதலில் 2011 மே மாதம் யுஎஃப்சி 130-க்கு வைக்கப்பட்டு, இருவருக்குமே காயம் ஏற்பட்டதால் தள்ளிப்போய், அக்டோபர் 8 அன்று ஹூஸ்டனின் டொயோட்டா சென்டரில் யுஎஃப்சி 136-ஆக நடந்தது. முதல் சுற்றில் நடந்ததைப் பார்த்தவர்கள் பழைய ஒளிப்பதிவை மறுபடி ஓடவிட்டார்களோ என்று நினைத்திருப்பார்கள். மேனார்டின் அப்பர்கட், எட்கரின் தள்ளாட்டம், மறுபடியும் விழுதல், மறுபடியும் எழுதல்.

வேறுபாடு மேனார்டிடம் இருந்தது. லாஸ் வேகாஸில் அவசரப்பட்டுக் களைத்துப்போன பாடத்தை அவர் கற்றிருந்தார்; ஹூஸ்டனில் அந்த அளவுக்குப் பாய்ந்து அடிக்கவில்லை. என் பார்வையில் அந்த நிதானமே அவரைக் கெடுத்தது. முதல் முறை அதிகமாக வீசி மூச்சை இழந்தார். இரண்டாம் முறை மூச்சைக் காப்பாற்ற எண்ணி, முடிக்கக் கிடைத்த நேரத்தை இழந்தார். எட்கரோ இரண்டு முறையும் அதே மனிதராகவே இரண்டாம் சுற்றுக்கு வந்தார். நான்காம் சுற்றில், 3 நிமிடம் 54-ஆவது விநாடியில், எட்கர் அவரை நாக்அவுட் செய்தார்.

எட்கர் ஏன் இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டார் என்பதற்கும் ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. அவருடைய விளையாட்டே உள்ளே நுழைந்து வெளியேறும் தாளம்தான். எதிராளி அந்தத் தாளத்தைக் கற்றுக்கொள்வதற்குள் அவர் அதை மாற்றிவிடுவார். பி.ஜே. பென் இரண்டு போட்டிகளின் பத்துச் சுற்றுகளிலும் அதைப் பிடிக்கத் திணறினார். ஆனால் தாளத்தை மாற்ற எதிராளியைப் பற்றிய தகவல் வேண்டும். அந்தத் தகவலைச் சேகரிக்கும் முதல் சில நிமிடங்களில் அவருடைய நுழைவுகள் ஓரளவு ஒரே மாதிரியாக இருக்கும். மேனார்டு அந்த நேரத்தைக் குறிவைத்து, நுழையும் தலையை எதிர்பார்த்துக் குத்தினார். பயிற்சியாளர் மார்க் ஹென்றி மூலையிலிருந்து எண்களாகக் கூவும் குறிப்புகள் பலனளிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் சுற்றிலிருந்துதான் என்பதை எட்கரின் பட்டப் போட்டிகளை வரிசையாகப் பார்க்கிறவர்கள் கவனிக்கலாம்.

ஐந்தாம்சுற்று

இடையில் ஒரு செய்தி. எட்கரின் லைட்வெயிட் பட்டப் போட்டிகள் மொத்தம் ஆறு. பென், பென், மேனார்டு, மேனார்டு, ஹெண்டர்சன், ஹெண்டர்சன். ஆறு போட்டிகள், மூன்றே எதிராளிகள். 2012-இல் ஹெண்டர்சனிடம் சைதாமாவில் பட்டத்தை இழந்து, டென்வரில் நடந்த மறுமோதலில் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்ற பிறகுதான் அவர் 145-க்கு இறங்கினார். இப்படி மறுமோதல்களாலேயே ஆன ஒரு பட்டக்காலத்தை வேறு யாரிடமும் எளிதில் காண முடியாது.

பழையபார்வை அவர்கள் பெட்டிஸின் வரிசை தள்ளிப்போனதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அந்தக் குறை இல்லை. சமனுக்குப் பிறகு மூன்றாம் மோதலை வைக்காமல் வேறொருவரை அனுப்பியிருந்தால், இன்றைக்கு நாம் இங்கே உட்கார்ந்து 10-7 என்றும் 10-8 என்றும் வாதாடும்போது, பதில் கிடைக்காத எரிச்சலும் கூடச் சேர்ந்திருக்கும். 2023 செப்டம்பரில் அலெக்சா கிராஸோவும் வாலென்டினா ஷெவ்சென்கோவும் பெண்கள் ஃப்ளைவெயிட் பட்டத்துக்கான மறுமோதலில் சமனானபோதும் இதே வழியைத்தான் யுஎஃப்சி எடுத்தது. மறு ஆண்டு செப்டம்பரில் நடந்த மூன்றாம் மோதலில் ஷெவ்சென்கோ பட்டத்தை மீட்டார்.

தராசு

கிராஸோ – ஷெவ்சென்கோ சமனை இதோடு ஒப்பிடுவது சுவையானது, ஆனால் இரண்டும் ஒரே வகை அல்ல. அங்கே மற்ற இரு நடுவர்களும் ஆளுக்கொரு பக்கம் 48-47 என்று எழுத, மூன்றாமவர் மட்டும் கடைசிச் சுற்றைக் கிராஸோவுக்கு 10-8 என்று கொடுத்ததால் 47-47 வந்தது. அந்த 10-8-ஐ ஏற்றவர்கள் குறைவு. லாஸ் வேகாஸில் 10-8 என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. அவர்கள் பிரிந்தது மற்ற சுற்றுகளில். அங்கே சமனுக்குக் காரணம் ஒருவரின் தனித்த கருத்து. இங்கே மூன்று பேர் மூன்று நேர்மையான கோணங்களில் பார்த்தார்கள். ஆகவேதான் எட்கர் – மேனார்டு சமனை யாரும் மோசடி என்று சொன்னதில்லை.

ஐந்தாம்சுற்று சுட்டிக்காட்டிய மூன்றாம், ஐந்தாம் சுற்றுகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். வர்ணனையாளர்களின் குரல் இல்லாமல் பார்க்கும்போது எட்கரின் மீட்சிக்கதை நம் காதில் விழுவதில்லை. கூண்டில் நடப்பது மட்டுமே கண்ணில் படுகிறது. மூன்றாம் சுற்றில் மேனார்டு மூச்சைத் திரும்பப் பெற்று முன்னேறினார். குத்துகளில் கனம் அவர் பக்கம், எண்ணிக்கை எட்கர் பக்கம். அன்றைய வரையறையில் கூண்டைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் முன்னோக்கிப் போவதும் தனித்தனி அளவுகோல்களாக எண்ணப்பட்டதால் மேனார்டுக்குக் கொடுப்பது இயல்பு. இன்றைய வரையறையில் அவை, குத்தும் பிடியும் சமமாக இருக்கும்போது மட்டுமே பார்க்கப்பட வேண்டியவை. ஆயினும் கனமான அடிக்கு முன்னுரிமை என்ற வகையில் இன்றும் நான் மேனார்டுக்கே 10-9 கொடுப்பேன். ஐந்தாம் சுற்றில் மேனார்டின் பிடிமுயற்சிகளை எட்கர் தடுத்துக்கொண்டே இருந்தார். குத்துகளிலும் சுறுசுறுப்பு அவருடையது. அது எட்கருக்கு 10-9. என் தாளில் 47-47.

மல்லர்மேடு

முதல் சுற்றுக்கு 10-8 கொடுத்துவிட்டு எஞ்சியதில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறீர்கள். மூன்றாம் சுற்றில் நாம் ஒத்துப்போகிறோம் என்பதே எனக்குப் போதும். ஐந்தாம் சுற்றை எட்கருக்கு விட்டுக்கொடுக்கவும் தயார். ஏனென்றால், கூண்டோரம் போட்ட கணக்கின்படியே, முதல் சுற்றுக்கு 10-7 எழுதினால் மூன்றாம் சுற்று ஒன்று மட்டும் போதும், 47-46, மேனார்டு.

கூண்டோரம்

அப்படியானால் மல்லர்மேடு, உங்களுக்கும் எனக்கும் தராசுக்கும் இடையே உள்ள வேறுபாடு, இழையின் முதல் பதிவில் நான் கேட்ட அந்த ஒரு புள்ளியில்தான் இன்னும் நிற்கிறது. தராசைப் போலவே நானும் 10-8 பக்கம். சுற்றின் கடைசி நிமிடத்தில் எட்கர் திருப்பிக் கொடுத்தவற்றை எண்ணியே சொல்கிறேன். 10-7 என்கிறவர்கள் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அதில் யார் முன்னேறினார், யார் பின்வாங்கினார் என்று எழுதுங்கள். ஹூஸ்டன் மோதலின் முதல் சுற்றையும் அதே முறையில் புள்ளியிட விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கினால் நல்லது. இரண்டையும் இங்கேயே கலந்தால் எந்த அப்பர்கட் எந்த இரவினது என்பதில் குழப்பம் வந்துவிடும்.

கடல்காற்று

இரண்டாம் முறை பார்த்துவிட்டேன். கடைசி நிமிடத்தில் முன்னே வந்தது பெரும்பாலும் மேனார்டுதான், ஆனால் அவர் வீசியவற்றில் பாதிக்கு மேல் காற்றில் போயிற்று. என் வாக்கு 10-8.

மல்லர்மேடு

காற்றில் போனவற்றை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில் தாடையில் இறங்கியவற்றை எண்ணுங்கள், தம்பி. பிறகு பேசுவோம்.